கார்க்கின் இரண்டு ஆட்டங்கள்

கேள்வி: அயர்லாந்தில் ஹர்லிங், கேலிக் கால்பந்து இரண்டிலும் ஒரே கவுண்டி சிறந்து விளங்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அரிது. கில்கென்னிக்கு ஹர்லிங்தான் உயிர், கெர்ரிக்குக் கால்பந்து. தெற்கே உள்ள கார்க் இரண்டையும் விடாமல் வளர்த்த கவுண்டி. 1990 செப்டம்பரில் இரண்டு வார இடைவெளியில் அகில அயர்லாந்துப் பட்டங்கள் இரண்டையும் வென்றது. டெடி மெக்கார்த்தி இரு இறுதிப் போட்டிகளிலும் ஆடினார். ஒரே ஆண்டில் அப்படி இரண்டையும் வென்ற வீரர் அவர் ஒருவரே.

இதன் அருமை ஆட்டத்தைப் பார்த்தால்தான் புரியும். மைதானமும் கம்பங்களும் ஒன்றே, அணிக்கு 15 பேர். ஆனால் ஹர்லிங்கில் ஆஷ் மர மட்டையால் சின்னத் தோல் பந்தை ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும். உலகின் மிக அழகான ஆட்டம் அதுவே என்பேன். கால்பந்தில் கையும் காலும்தான் கருவி. இரண்டுக்கும் உடலைத் தனித்தனியாகப் பழக்க வேண்டும். இந்த வீரர்களுக்குச் சம்பளமும் கிடையாது. வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள்.

கார்க்கின் ஜாக் லிஞ்ச் 1941 முதல் 1946 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஆறு பட்டங்கள் வென்றார்: ஹர்லிங்கில் ஐந்து, கால்பந்தில் ஒன்று. 1966-ல் பிரதமரும் ஆனார். இன்று பயிற்சி மிகக் கடுமையாகிவிட்டதால், இரண்டையும் உயர்மட்டத்தில் ஆடுபவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.