விற்ற ஹெரால்டைத் திரும்ப வாங்கியபோது

முகப்பேர் கிழக்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்து நின்று பேசுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எவ்வளவுக்கு வித்தீங்க, எவ்வளவுக்குத் திரும்ப வாங்கினீங்க?" விற்ற விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே கொடுத்தேன். அதில் எனக்குக் குறையில்லை. மகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது, அதனால் விற்றேன். இப்போது கையில் கொஞ்சம் இருக்கிறது, வாங்கினேன். ஆனால் விலையைக் கேட்பவர்கள், அதைவிட முக்கியமானதைக் கேட்பதில்லை. நாமே பிரித்துப் பூட்டிய வண்டி என்பதால் அதைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். நமக்குத் தெரிந்தது நம்மிடம் இருந்தவரைக்கும் உள்ள கதை. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு என்ன நடந்தது என்பதற்குத்தான் இப்போது பணம் கொடுக்கிறோம்.

ஹெரால்டு நம் ஊர்க் கார். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகலோட்டி. இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் அதைத் தயாரித்தது. ஆலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகம். 948 சிசி என்ஜின், தனி சேஸிஸ், அதன்மேல் துண்டுதுண்டாகப் போல்ட் போட்டு இறுக்கிய பாடி. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். பழைய கார் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டியை நான் பார்க்கவில்லை. என்னுடையது நான்கு கதவு வண்டி. அந்த வடிவம் இந்தியாவுக்கு மட்டுமே உரியது, இங்கிலாந்தில் கிடையாது. இந்த விவரம் பின்னால் உதவும்.

முகப்பேர்க்காரனுக்கு இதில் கூடுதல் உறவும் உண்டு. நான் பிரித்தபோது உள்ளே இருந்த டைனமோவில் லூகாஸ்-டிவிஎஸ் முத்திரை இருந்தது. அந்தக் கம்பெனி 1961-ல் தொடங்கியது, பாடியில். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் அதே பாடிதான். டயருக்கு அம்பத்தூரில் டன்லப் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகள் இல்லாவிட்டால் அந்த வண்டியை முதல் தடவை என்னால் எழுப்பியே இருக்க முடியாது.

திரும்ப வாங்குவது விற்கிற நாளிலேயே தொடங்கிவிடுகிறது. விற்கும்போது ஆர்.சி. புக்கின் நகல், என்ஜின் எண், பென்சில் தேய்த்து எடுத்த சேஸிஸ் பிரிண்ட், பிரித்துப் போட்டிருந்தபோது எடுத்த படங்கள், எந்தப் பாகத்தை எங்கே வாங்கினேன் என்ற நோட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி என்னிடம் வைத்துக்கொண்டேன். வாங்கியவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர். வண்டியைக் கொடுத்த அன்று, "எப்பவாவது விக்கிறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். "மொதல்ல உங்களுக்குத்தானுங்க சொல்லுவேன்" என்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசிக்கொள்வோம். பேச்சில் வண்டியைவிட வீட்டு விஷயம்தான் அதிகம் இருக்கும். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சச்சின் டெண்டுல்கர் தன் முதல் காரான மாருதி 800 இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல், இருப்பவர்கள் தொடர்புகொள்ளட்டும் என்று 2020-ல் ஒரு பேட்டியில் கேட்டார். சச்சின் கேட்டால் ஊரே தேடும். நமக்கு அந்த வசதி இல்லை, போன் நம்பரைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடர்பு விட்டுப்போனவர்கள் எம்-பரிவாகன் செயலியில் பழைய எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எந்த ஆர்.டி.ஓ.வில் இருக்கிறது, எஃப்.சி. எப்போது முடிகிறது என்ற அளவுக்குத் தெரியவரும். பழைய எண் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருந்தால் ஒன்றுமே வராது. அதற்காக வண்டி உடைப்புக்குப் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். வண்டி வேறு மாநிலம் போயிருந்தால் ஒரு கவலை உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் அந்த மாநில எண் வாங்கியாக வேண்டும், அதோடு நம் பழைய எம்.எஸ். எண் போய்விடும். என் வண்டி தமிழ்நாட்டைத் தாண்டாததால் எண் அப்படியே இருக்கிறது. எண்ணுக்கும் சேர்த்துத்தான் நான் விலை கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, அதை இதற்குமுன் பார்த்தே இராத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பியை அழைத்துப் போனேன். ஷெட்டைத் திறந்ததுமே என் கை நேராக இடதுபக்கக் கதவின் அடிக்குப் போயிற்று. அங்கே நான் போட்ட வெல்டிங் தையல் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் அடியில போய்ப் பாத்துட்டு வரேன்" என்றான் அந்தத் தம்பி. அவன் சொன்னதுதான் சரி. சொந்தக் கைவேலையைத் தேடுகிற கண்ணுக்குப் புது ஓட்டை தெரியாது.

அவன் பார்த்த இடங்களைச் சொல்கிறேன், ஹெரால்டு வாங்குகிற யாருக்கும் பயன்படும். வெளித்தகடு துரு பிடித்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை, கழற்றி மாற்றலாம். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் அவுட்ரிக்கர்கள்தான் உயிர். அவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பேட்டரி என்ஜினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டின்மேல் இருப்பதால், ஆசிட் வழிந்து அந்தத் தட்டு அரித்திருக்கும். டிக்கித் தரையையும் பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவின் அடி, சக்கர வளைவு எல்லாம் ஓட்டினால் எங்கே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும்.

அடுத்தது ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு, கீழே ஒரு பித்தளை உருப்படிக்குள் மரையோடு இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். அம்பாசடரும் பத்மினியும் பழகிய கை கிரீஸ் கன்னை எடுத்துவிடும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் தங்கி மரை துருவேறி இறுகி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கிவிடும். மெதுவாக வண்டியைத் திருப்பும்போதும் இது நடக்கும். உயிர்ப் பிரச்சினை என்பதால் நீட்டிச் சொல்கிறேன்: கடைசியாக எப்போது, என்ன விட்டார்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். "கிரீஸ் அடிச்சோம்" என்று பதில் வந்தால், இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்கும் செலவை விலையில் கழியுங்கள். நான் கழித்தேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே வந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க்கும் பிளாக்கும் வீணாகும். வாங்கிய பிறகும், திருமங்கலம் சிக்னலில் கிளட்சை மிதித்தபடி காத்திருக்காமல் நியூட்ரலில் போட்டுவிடுவது இந்த வாஷருக்காகத்தான்.

சென்னையிலேயே இருந்த வண்டி என்றால் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அது எங்கே நின்றது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கதவின் உள்பலகையைக் கழற்றினால் சேற்றுக்கோடு தெரியும்.

நான்கு கதவு ஹெரால்டில், பின்கதவுகளும் அவற்றின் கண்ணாடி, ரப்பர் பீடிங் எல்லாமும் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். என்ஜின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் ரிம்மர் பிரதர்ஸ் போன்ற கடைகளில் புதிதாகவே கிடைக்கின்றன. சுங்க வரி சேர்ந்தாலும் கைக்கு வந்துவிடும். பின்கதவுக் கண்ணாடி அங்கே கிடையாது, அந்தக் காரே அங்கே இல்லையே. புதுப்பேட்டையில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். பீடிங்கை அச்சு செய்து வார்த்துவிடலாம், கண்ணாடி அப்படியல்ல.

விலை பேசும்போது நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். முதல் தடவை நான் செய்த உழைப்பைப் பேச்சில் எடுக்கவே இல்லை. அதற்கான பணத்தை விற்ற அன்றே வாங்கிவிட்டேன். அவர் போட்ட செலவு அவருடையது, அதற்கு அவர் கேட்பது நியாயம். தம்பி எழுதிக் கொடுத்த பழுதுப் பட்டியலை மட்டும் முன்னால் வைத்துப் பேசினோம். ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் முடிந்துவிட்டது.

கோவையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே வர ஆசையாகத்தான் இருந்தது. ட்ரனியன் நிலை தெரியாத வண்டியை நெடுஞ்சாலையில் இறக்குவது தவறு. ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

காகித வேலையில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பின் ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி பத்து வருடம். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. சாதாரணப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது இன்னொரு வழி. 2025 ஆகஸ்ட் முதல் இருபது வருடம் தாண்டிய காருக்கு அதன் கட்டணம் 10,000 ரூபாய், பசுமை வரி தனி. நான் இரண்டாவதையே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகவும் காய்கறி வாங்கவும் எனக்கு இந்தக் கார் வேண்டும். டெல்லியில் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளை ஓட்டவிடாமல் நீதிமன்ற ஆணைகள் வந்தபோது அங்கே இருக்கும் நண்பர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். நமக்கு இந்த வழி திறந்திருக்கும்வரை அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. போகும்முன் இரண்டு விஷயம் சரிபாருங்கள். பழைய ஆர்.சி. புக் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா? இடையில் யாராவது வேறு என்ஜினை மாட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. விற்கும்போது எடுத்த என்ஜின் எண் நகல் இங்கேதான் கைகொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நான் வைத்திருந்தபடி மாற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். சில மாதம் ஓட்டிவிட்டு முடிவெடுங்கள். கோவைக்காரர் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறார். இரவில் ஹெட்லைட் இப்போது சாலையைக் காட்டுகிறது, அது இருக்கட்டும். லூகாஸ் டைனமோவையும் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொடுத்தனுப்பினார். முன் சீட்டுகளுக்கு பெல்ட் போட்டிருக்கிறார், நான் அன்றே போட்டிருக்க வேண்டிய நல்ல வேலை. சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கை மட்டும் உடனே கழற்றிவிட்டுப் பழைய பெரிய ஸ்டீயரிங்கை மாட்டினேன். ஹெரால்டு இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. அந்தச் சுகம் பெரிய ஸ்டீயரிங்கில்தான் கைக்குத் தெரியும்.

பெட்ரோல் விஷயத்தில் தாமதிக்கக் கூடாது. நான் விற்ற காலத்துப் பெட்ரோல் வேறு, இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமையும் அது ஊதவைத்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், ஓடாமல் நிற்கிற வண்டியின் டாங்க் உள்ளிருந்தே துரு பிடிக்கும். வந்த வாரத்திலேயே எத்தனால் தாங்கும் ஹோஸ்களை மாற்றி, டாங்க்கைக் கழற்றிக் கழுவி, கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டோம். வாரம் ஒருமுறையாவது அண்ணா நகர் வரை ஓட்டிவிடுகிறேன்.

நிறத்தைப் பற்றி டிங்கரிங் செய்யும் நண்பரோடு இன்னும் பேச்சு ஓடுகிறது. நான் விற்றபோது வண்டி க்ரீம் நிறம், கம்பெனி கொடுத்தது. "ஒரிஜினலுக்கு மாத்திடலாம் சார், மதிப்பு கூடும்" என்கிறார் அவர். கோவைக்காரரின் மகன் இந்தச் சிவப்பு வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டான், அவன் கல்யாணத்துக்கும் இதுதான் போயிருக்கிறது. பெயிண்ட் இன்னும் நன்றாக இருக்கிறது. அவர்கள் குடும்பத்தோடு சென்னை வரும்போது இதே சிவப்பில் ஏற்றிக்கொண்டு மெரினா போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். க்ரீமைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று டிங்கர் நண்பரிடம் தள்ளிவைத்திருக்கிறேன்.