நின்ற பழக்கம் திரும்பினால்

சித்திரபுரத்தில் மார்கழி பிறந்தால் கம்பளிக்குள்ளும் பல் கிட்டும். ஆகையால், இரண்டு வருடமாகப் படுக்கையை நனைக்காத என் தங்கை மகன், ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு வாரமாகப் பாயை நனைக்கிறான் என்று அவள் சொன்னபோது, "குளிருக்குத்தாண்டி, சாயந்திரத்துக்கு மேல தண்ணி கொடுக்காதே" என்று நான்தான் சொன்னேன். அதைவிடத் தவறான யோசனை வேறு இருக்க முடியாது.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தங்கச்சிப் பாப்பா பிறந்த ஏக்கம் என்றார் ஒருவர். மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பையனோ நடுராத்திரியில் எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். கழற்றிப் போட்ட அவன் நிக்கரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு, "தித்திப்பு நீர் போகுதுடி" என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. சர்க்கரை வியாதி பெரியவர்களுக்கு வருவதுதானே என்று நாங்கள் சிரித்தோம். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, என் தங்கை படுக்கை விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். பூச்சி மருந்து கிடைத்தது. இரண்டாம் நாள் வாந்தி. மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டான். ஜீப் பிடித்து அடிமாலிக்கு ஓடினோம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 480.

இது முதல் வகை நீரிழிவு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதன்று. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது சிறுநீரில் வழியும். வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பிள்ளை நிறையக் குடிப்பதால் நிறைய நீர் போவதில்லை. நீர் போவதால்தான் குடிக்கிறது. அந்தத் தண்ணீரையும் நாம் தடுத்தால் உடல் வறண்டுவிடும். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்க, ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தியும் அந்த மூச்சும் அதனால்தான். அது உயிரையே பறிக்கக்கூடிய நிலை.

இத்தாலியின் பார்மா மாவட்டத்தில் 1991 முதல் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். உங்கள் பிள்ளை அதிகம் தண்ணீர் குடிக்கிறதா, மறுபடியும் படுக்கையை நனைக்கிறதா என்பதே அதன் சாரம். அதற்கு முன் அங்கே புதிதாக இந்நோய் கண்ட பிள்ளைகளில் 100க்கு 78 பேர் அமிலம் ஏறிய பிறகே மருத்துவமனைக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் அது 12.5 ஆகக் குறைந்தது. ஒரு சுவரொட்டி செய்த வேலை!

பாயை நனைக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இதே நோய் என்று பயப்பட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதுப் பள்ளிக்கூடம், வீட்டுச் சண்டை என்று வேறு காரணங்களும் உண்டு, அவையே அதிகம். எப்போதுமே நனைத்துவரும் பிள்ளையின் கதை வேறு. ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தது திரும்பினால், அதனுடன் தாகமோ இளைப்போ சோர்வோ சேர்ந்தால், அன்றைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். கேட்டுப் பெறுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தேனியில் காட்டிக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் தள்ளிப்போடுவதுண்டு. இதில் அது ஆகாது. அடிக்கவும் வேண்டாம், பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை.

கேரள அரசு 2018இல் 'மிட்டாயி' என்ற திட்டத்தை இத்தகைய பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. மருத்துவமனையில் விசாரியுங்கள்.

எங்கள் பையன் இப்போது தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான். லயத்தில் யார் வீட்டுப் பிள்ளை பாயை நனைத்தாலும், என் தங்கை குளுக்கோமீட்டரும் புது ஊசியுமாகக் கிளம்பிவிடுகிறாள்.