நெடுவாழ்வு தரும் உணவு நெறி

வழிபாட்டுக்கும் தொண்டுக்கும் கருவியாய் அமைவது உடம்பு. அவ்வுடம்பைக் காப்பதும் உணவு. முறை தவறினால் கெடுப்பதும் உணவே. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆவது அதிகாரம் மூலிகைகளின் பெயரைக் கூறவில்லை. உண்ணும் முறையையே முதலில் கூறுகின்றது. முன்னர் உண்டது செரித்தபின், பசியறிந்து, அளவறிந்து உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. உலகில் நெடுநாள் வாழும் மக்களின் உணவு முறையை ஆராய்ந்த அறிஞர்களும் இதனை ஒட்டிய முடிவுக்கே வந்துள்ளனர்.

ஒக்கினாவா கற்பிக்கும் பாடம்

ஜப்பான் நாட்டின் தென்கோடியில் உள்ளவை ஒக்கினாவாத் தீவுகள். அங்குள்ள முதியோர் உண்ணும்போது 'ஹாரா ஹாச்சி பூ' என்னும் தொடரை நினைவு கூர்வர். வயிற்றின் பத்துப் பங்கில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்துக என்பது அதன் பொருள். அரை வயிறு உணவு, கால் வயிறு நீர், எஞ்சிய கால் வயிறு காற்றுக்கு என்று தமிழகத்துப் பெரியோர் வகுத்த அளவும் இதனைப் போன்றதே.

1949ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒக்கினாவா மக்கள் உணவிலிருந்து பெற்ற ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்தே கிடைத்தது. அதனுடன் காய்கறி, கீரை, சோயாப் பயறு ஆகியவற்றை உண்டனர். மீனும் இறைச்சியும் சிறிதளவே. செல்வம் மிகுந்தவர் உணவன்று இது; எளியோர் உணவு.

1945 முதல் 1972 வரை அத்தீவுகள் அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தன. தகரக் குப்பிகளில் அடைத்த இறைச்சியும், பொரித்த பண்டங்களும் அக்காலத்தில் பரவின. கிழங்கு பின்தள்ளப்பட்டது. விளைவு என்ன? ஜப்பானின் 47 மாநிலங்களுள் ஆடவர் ஆயுளில் 1985இல் முதலிடம் பெற்றிருந்த ஒக்கினாவா, 2000இல் 26ஆம் இடத்திற்கும், 2020இல் 43ஆம் இடத்திற்கும் இறங்கியது. பாட்டனார் காத்த நெறியைப் பேரன் கைவிட்டான். பாட்டனாரின் ஆயுள் பேரனுக்கு வாய்க்கவில்லை. நல்வாழ்வு குருதியில் வருவது மட்டுமன்று. நாள்தோறும் உண்கலத்தில் காக்கப்படுவது என்பது இதனால் விளங்கும்.

நோன்பாக நின்ற உணவு

இத்தாலியின் சார்தீனியா, கிரேக்க நாட்டின் இக்காரியா, கோஸ்டாரிக்காவின் நிக்கோயா ஆகிய பகுதிகளும் நெடுவாழ்வுக்குப் பெயர் பெற்றவை. எனினும், பிறப்புப் பதிவு செம்மையாக இல்லாத இடங்களில் நூறு வயது என்று சொல்லப்படுவதை எல்லாம் அப்படியே கொள்ளலாகாது. இவ்வையத்தை எழுப்பிய அறிஞரும் உளர். ஆதலின் வயதுக் கதையை விட்டு, வழக்கத்தையே நோக்குதல் வேண்டும்.

அவ்வகையில் சான்று மிக்கது கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் அட்வெண்டிஸ்டு கிறித்தவர்களின் வரலாறு. புகை, மது ஆகியவற்றை நீக்குதலைச் சமய ஒழுக்கமாகக் கொண்டவர்கள் இவர்கள். பலர் மரக்கறி உணவினர். பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2001இல் வெளியாயிற்று. இவர்களுள் ஆடவர், அம்மாநிலத்து ஏனைய வெள்ளை இனத்து ஆடவரைவிட ஏறத்தாழ 7 ஆண்டுகளும், பெண்டிர் 4 ஆண்டுகளுக்கு மேலும் கூடுதலாக வாழ்வர் என்று அது கண்டது. உணவு ஒழுக்கம் நோன்பாகும்போது தளராமல் நிற்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்விடங்கள் அனைத்திற்கும் பொதுவாய் நிற்பது பயறு வகைகளே. சோயா, கொண்டைக்கடலை, அவரை இனங்கள் என்று பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே.

ஓடைப்பட்டியும் கம்பம் பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். இப்பக்கத்து மானாவாரி நிலங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு, சாமை, குதிரைவாலி ஆகியவையும், மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவையும் பண்டு முதல் விளைபவை. புன்செய் ஊர்களில் நெல்லுச்சோறு நாள்கிழமைகளுக்கே உரியதாய் இருந்தது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் பள்ளத்தாக்கின் வயல்களில் நெல் பெருகியது. காலப்போக்கில் தவிடு நீக்கிய வெள்ளரிசி மூன்று வேளை உணவாயிற்று, உடலுழைப்போ குறைந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. ஒக்கினாவாவில் நிகழ்ந்த மாற்றம் இங்கும் நிகழ்ந்து வருகின்றது. அதே 2023ஆம் ஆண்டைத்தான் ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கைவிட்ட பொருளின் அருமையைப் பிறர் சொல்லி உணரவேண்டிய நிலை!

கொள்ளத்தக்கன

1. ஒக்கினாவாக் கிழங்கைத் தேடி அலைய வேண்டா. அதன் அளவைக் கொள்க. இன்னும் சிறிது உண்ணலாம் என்னும் நிலையிலேயே இலையை விட்டு எழுக.

2. நாளுக்கு ஒரு வேளையேனும் வெள்ளரிசிக்கு மாற்றாகச் சிறுதானியம் உண்க. அதுவும் மாவுச்சத்து உடையதே. ஆதலின் அங்கும் அளவு வேண்டும்.

3. மொச்சை, தட்டைப்பயறு போன்றவற்றைக் கீரையுடனும் காய்கறியுடனும் நாள்தோறும் சேர்க்க. சோறு குறைந்து, தொடுகறி மிகுதல் நன்று.

4. திராட்சையைப் பழமாக உண்க. சர்க்கரை கலந்த சாறாக்கிப் பருகுதல் நன்றன்று.

5. இரவு உணவை எளிதாக்கி, உறங்கச் செல்வதற்கு நெடுநேரம் முன்பே முடிக்க.

6. ஏகாதசி, சஷ்டி நோன்புகள் வயிற்றுக்கு ஓய்வு தருபவை. பகலில் பட்டினி கிடந்து மாலையில் பலகாரத்தை மிகுதியாக உண்பது அந்நோக்கத்தைச் சிதைக்கும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் முதியோரும் மருத்துவரைக் கேட்டே நோன்பிருத்தல் வேண்டும்.

இவை யாவும் பொருட்செலவு மிக்கவை அல்ல. பெரும்பாலானவை ஓடைப்பட்டிச் சந்தையிலும் பாட்டிமார் நினைவிலும் உள்ளவையே. களி கிண்டவும், கம்பை இடித்துக் காய்ச்சவும் அறிந்த மூதாட்டியர் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அக்கைப்பக்குவத்தை இளையோர் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஒரு தலைமுறை மறந்தால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தர ஆளில்லை. அளவறிந்து உண்டு, அன்பர் அனைவரும் நோயற்ற வாழ்வும் இறைவன் திருவருளும் பெற்று நெடிது வாழ்க!