முகத்தில் எண்ணெய் மினுமினுப்பு

கேள்வி: முகூர்த்தப் படங்களில் மணமக்களின் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிவதுபோல் பளபளக்கின்றன. போட்டோஷாப்பில் எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், கம்மாபுரம்

பதில்: முழுதாகத் துடைத்துவிடாதீர்கள், குறைத்தால் போதும். உங்கள் பக்கத்து விருத்தாசலம் பீங்கான் பொம்மையில் மெருகு மினுங்கும் இடம்தான் அதன் வளைவைக் காட்டுகிறது; முகமும் அப்படியே. படத்தை நகலெடுத்த லேயரில் குளோன் ஸ்டாம்ப்பை ‘டார்க்கன்’ முறையில், ஒபாசிட்டி 15–20 சதவீதம் வைத்து, பக்கத்துத் தோலிலிருந்து நிறமெடுத்து மெல்லத் தடவுங்கள். தோலின் நுண்துளைகள் மறையத் தொடங்கினால் நிறுத்துங்கள். அடியோடு வெளுத்த இடத்தில் விவரம் இருக்காது. ரா கோப்பு இருந்தால் ஹைலைட்ஸைக் குறைத்து ஓரளவு மீட்கலாம். பிலிம் காலத்தில், நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும் இந்த இடங்களைக் கூர்கத்தியால் பொறுமையாகச் சுரண்டிக் குறைத்தார்கள். மினுமினுப்பைக் குறைக்கும் சாக்கில் மாநிறத்தை மட்டும் வெளுக்கவைக்காதீர்கள்; அது அவர்கள் முகமே அல்ல. அடுத்த முகூர்த்தத்துக்கு டிஷ்யூ எடுத்துப்போய் முகத்தை ஒற்றச் சொல்லுங்கள். பிளாஷை நேரே அடிக்காமல் வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள்.