ஹைடு அனுப்பிய பதிவுத் தபால்

இலக்கிய வகுப்பிலும் சினிமா விமர்சனத்திலும் ஃப்ராய்டு இன்று ஒரு ரெடிமேட் சட்டை. கதையில் முரடன் இருந்தால் அவன் ‘இட்’, யோசித்துப் பேசுகிறவன் ‘ஈகோ’, நல்லபிள்ளை ‘சூப்பர் ஈகோ’. பெயர்களுக்கு எதிரே கோடு இழுத்துவிட்டால் மதிப்பெண் உறுதி. அடங்காத இச்சை, நிதானிக்கும் அறிவு, உறுத்தும் மனசாட்சி என்ற இந்த மூன்றையும் ஃப்ராய்டு ஒரே கட்டமைப்பாக முன்வைத்தது 1923-இல், ‘ஈகோவும் இட்டும்’ என்ற சின்னப் புத்தகத்தில். ஒரே ஆளுக்குள் நடக்கும் ஓயாத இழுபறியைப் பற்றித்தான் அதில் பேசுகிறார். அந்த இழுபறியை மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது பின்னால் வந்தவர்களின் வேலை. அதனால் வந்த கோளாறுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: டாக்டர் ஜெக்கில் மனசாட்சி, ஹைடு வெறும் மிருக இச்சை.

முதலில் காலக்கணக்கு. மருந்து குடித்து ஹைடு என்ற இன்னொரு ஆளாக மாறும் டாக்டர் ஜெக்கிலைப் பற்றிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் கதை 1886 ஜனவரியில் வெளியானது. அப்போது 29 வயது ஃப்ராய்டு பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் ஹிஸ்டீரியாவைப் பற்றிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ‘ஈகோவும் இட்டும்’ வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. ஆக, ஸ்டீவன்சன் ஃப்ராய்டை வைத்துக் கதை பண்ணவில்லை. நாம்தான் பின்னாலிருந்து பொருத்திப் பார்க்கிறோம். அதில் தப்பில்லை, பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஹைடு பொருந்துகிறானா? கதையின் பிற்பகுதியில் ஒரு இடம். கொலைக்குற்றத்துக்காக ஹைடை ஊரே தேடுகிறது. லண்டனில் ரீஜண்ட்ஸ் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜெக்கில், மருந்தே குடிக்காமல் பட்டப்பகலில் ஹைடாக மாறிவிடுகிறார். திரும்பி மாறுவதற்கான மருந்து அவர் வீட்டு அறையில் இருக்கிறது. இந்த முகத்தோடு வீட்டுக்குப் போனால் வேலைக்காரர்களே தூக்குமரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஹைடு என்ன செய்கிறான்? வண்டி பிடித்து ஒரு ஹோட்டலுக்குப் போகிறான். தனி அறை கேட்கிறான். கொந்தளிக்கும் ஆத்திரத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, ஜெக்கிலின் கையெழுத்திலேயே இரண்டு கடிதங்கள் எழுதுகிறான், ஒன்று நண்பர் டாக்டர் லேனியனுக்கு, இன்னொன்று வீட்டு வேலைக்காரர் பூலுக்கு. தபாலில் சேர்த்தாயிற்றா என்ற சந்தேகமே வரக்கூடாது என்று அவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்கிறான்.

ஃப்ராய்டின் கணக்குப்படி இட்டுக்குக் காலம் தெரியாது, முரண்பாடு தெரியாது, ‘கூடாது’ என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்று தபால் ரசீதுக்குக் காத்திருக்குமா? ஆபத்தை அளந்து, ஆத்திரத்தைத் தள்ளிப்போட்டு, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடுவது ஈகோவின் வேலை. ஹைடிடம் அது கூர்மையாகவே இருக்கிறது.

ஜெக்கில் கதை இன்னும் மோசம். வாலிபத்திலிருந்தே ரகசிய இன்பங்களை அனுபவித்துக்கொண்டு வெளியில் தலைநிமிர்ந்து நடந்தவர் அவர். கெட்டதை ஒழிப்பதற்காக மருந்தைத் தேடியவரும் அல்ல. இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால் ஒன்றின் சந்தோஷத்தை இன்னொன்றின் வெட்கம் கெடுக்காது என்பது அவர் போட்ட திட்டம். மருந்துக்குப் பிறகும் ஜெக்கில் பழைய கலவையாகவேதான் இருக்கிறார். அவரை மனசாட்சியின் நாற்காலியில் உட்காரவைப்பது அவருக்கே கூச்சமாக இருக்கும்.

நம்பிக்கை: சூப்பர் ஈகோ என்றால் நமக்குள் இருக்கும் நல்ல குணம்.

மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக வேரோடிய தவறு இதுதான். ஃப்ராய்டின் சூப்பர் ஈகோ, அப்பா அம்மாவின் அதட்டலை உள்ளே வாங்கிக்கொண்டு வளர்ந்த அதிகாரி. அதற்கான பலம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: வெளியே பாய முடியாத ஆத்திரம் உள்பக்கம் திரும்பி, மனசாட்சியின் கைக்குச் சாட்டையாகிவிடுகிறது. அதனால்தான் ஒழுக்கத்தில் கறாராக இருப்பவர்கள் தங்களை இன்னும் அதிகமாகத் திட்டிக்கொள்கிறார்கள் என்று 1930-இல் வெளியான ‘நாகரிகமும் அதன் அதிருப்திகளும்’ நூலில் விளக்குகிறார். கடும் மனச்சோர்வில் இந்த அதிகாரி ஆளைச் சாவுவரை துரத்தும் என்பது 1923 புத்தகத்திலேயே இருக்கிறது. இட்டும் சூப்பர் ஈகோவும் எதிரிகள்போலத் தெரிந்தாலும் ரகசியக் கூட்டாளிகள்.

1866-இல் தொடராக வந்த தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை இந்தக் கண்ணோடு திரும்பப் படிக்கலாம். அடகுக்காரக் கிழவியையும் அவள் தங்கையையும் கொன்ற ரஸ்கோல்நிகோவ், மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போவது வீட்டுக்காரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி விஷயமாக. அங்கே கொலையைப் பற்றிப் பேச்சு அடிபட்டதும் மயங்கி விழுகிறான். இன்னொரு நாள் கொலை நடந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறான். வேலையாட்கள் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவன் அந்த அழைப்பு மணியை இழுத்து இழுத்து ஒலிக்கவிட்டு, ரத்தக் கறை என்னவாயிற்று என்று விசாரிக்கிறான். விசாரணை அதிகாரி போர்ஃபிரிக்கு இதைவிட நல்ல துப்பு வேண்டுமா?

இதை ‘மனசாட்சி விழித்துக்கொண்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியானால் நாவலின் பின்னுரையை என்ன செய்வது? சைபீரியச் சிறையில் நெடுநாள்வரை அவனுக்குத் தன் செயல் பாவமாகத் தோன்றவில்லை. முட்டாள்தனமாகத் தோற்றுப்போனோமே என்ற அவமானம்தான் குத்துகிறது. மனம் வருந்தாதவனை மயக்கம்போட வைத்தது யார், மணியை இழுக்க வைத்தது யார்? குற்றவுணர்வு நனவிலியில் இருந்தபடியே தண்டனையைத் தேடி அலையக்கூடும் என்றார் ஃப்ராய்டு. சிலர் குற்றவுணர்வு தாங்காமலே குற்றம் செய்கிறார்கள், செய்த பிறகு மூச்சு விடுகிறார்கள் என்று 1916 கட்டுரை ஒன்றில் அவர் எழுதியதும் உண்டு. ரஸ்கோல்நிகோவ் அந்த ரகமா என்பது வாதத்துக்குரியது. அவனைத் துரத்துவது கருணையுள்ள ஒன்றல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம்பிக்கை: மூன்று கதாபாத்திரம் இருந்தால் ஆளுக்கொன்று.

ஒரு தீவில் தனியாகச் சிக்கிக்கொண்ட பையன்களைப் பற்றிய வில்லியம் கோல்டிங்கின் நாவல் ‘ஈக்களின் கடவுள்’ (1954) இந்த விளையாட்டுக்கு வாகான மைதானம். வேட்டைக்காரன் ஜாக் இட், தலைவன் ரால்ஃப் ஈகோ. பிக்கியா, சைமனா, யார் சூப்பர் ஈகோ என்பதில் மட்டும் வழிகாட்டி நூல்களுக்குள் சண்டை. ஆனால் சைமன் அடித்துக் கொல்லப்படும் இரவில் ரால்ஃபும் பிக்கியும் அவனைச் சூழ்ந்து ஆடிய கூட்டத்தில் இருந்தார்கள். மறுநாள் அது விபத்து என்று சாதிப்பவன், அறிவும் ஒழுங்கும் பேசிய அதே பிக்கி.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது ரோஜர் என்ற பையனை. தீவிலேயே கொடூரமானவன் அவன்தான். பின்னால் பாறையை உருட்டிப் பிக்கியைக் கொல்லப்போகிறவன். ஆனால் ஆரம்ப நாட்களில், கடற்கரையில் விளையாடும் ஹென்றி என்ற சிறுவன்மேல் கல் எறியும்போது, படாமல் எறிகிறான். சிறுவனைச் சுற்றி ஆறு கஜ வட்டத்துக்குள் அவன் கல் போகாது. பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார் கோல்டிங். அவற்றில் ஒன்றுகூடத் தீவில் இல்லை. நாவலில் சூப்பர் ஈகோவை எனக்குப் பளிச்சென்று காட்டும் இடம் இந்தக் கொலைகாரனின் கைதான். ‘ரோஜர் = இட்’ என்று எழுதி முடித்தவருக்கு அந்த ஆறு கஜம் கண்ணில் படாது.

நம்பிக்கை: ஈகோ என்றால் திமிர்.

நம் அலுவலகப் பேச்சில் அப்படித்தான். ஃப்ராய்டின் ஈகோ பாவப்பட்ட ஜீவன். வெளியுலகம், இட், சூப்பர் ஈகோ என்று மூன்று முதலாளிகளுக்கு ஒரே நேரத்தில் வேலை பார்ப்பது. அவர் உவமையில் அது குதிரைமேல் இருக்கும் சவாரிக்காரன். பல நேரம் குதிரை போக நினைத்த இடத்துக்கே அதை ஓட்டிப் போகிறவன்.

நம்பிக்கை: மனதை நீரில் மிதக்கும் பனிப்பாறையாகக் காட்டும் படம் ஃப்ராய்டு வரைந்தது.

அவர் புத்தகங்களில் அந்தப் படம் கிடையாது. 1923-இல் அவர் போட்ட வரைபடம் முட்டை வடிவில் இருக்கும். அதில் சூப்பர் ஈகோவுக்கு இடமே இல்லை. 1933-இல்தான் சேர்த்தார்.

நம்பிக்கை: எந்தக் கதாபாத்திரத்தையும் ஃப்ராய்டின் சாவி திறந்துவிடும்.

அவரே அப்படி நினைக்கவில்லை. அதே 1916 கட்டுரையில் லேடி மேக்பெத்தை எடுத்துக்கொள்கிறார். கொலைக்குக் கணவனைத் தூண்டியவள், நினைத்தது கைகூடியதும் ஏன் உடைந்துபோகிறாள்? பிள்ளையில்லாத ஏக்கம் காரணமா என்று பார்க்கிறார். ஷேக்ஸ்பியருக்குக் கதை கொடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்றில் இடையே பத்தாண்டு ஓடுகிறது. நாடகத்திலோ எல்லாம் சில நாட்களில் முடிகிறது, ஏக்கம் முற்றுவதற்கு நேரமில்லை. புதிர் அவிழவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

பிறகு லூட்விக் ஜெகெல்ஸ் என்ற சக உளப்பகுப்பாய்வாளரின் யோசனை ஒன்றைச் சொல்கிறார்: கணவனும் மனைவியும் ஒரே மனம் இரண்டாகப் பிளந்தவர்களாக இருக்கலாம். இனித் தூக்கமில்லை என்ற குரல் கேட்பது மேக்பெத்துக்கு, தூக்கத்தில் நடப்பதோ ராணி. கடல் நீரும் இந்தக் கையைக் கழுவாது என்று பதறியவன் அவன். கொஞ்சம் தண்ணீர் போதும் என்றவள் அவள். கடைசியில் கால் மணிநேரம் கையைத் தேய்த்துக்கொண்டே நிற்பவள் அவள், துணிந்து கொலைமேல் கொலை செய்வது அவன். இதில் யார் இச்சை, யார் மனசாட்சி என்று கோடு இழுப்பது? ஃப்ராய்டு இழுக்கவில்லை. இந்த யோசனையைக் குறித்துவைத்துவிட்டு, அடுத்த பக்கங்களில் இப்சனின் ‘ராஸ்மர்ஸ்ஹோல்ம்’ நாடகத்துக்குப் போய்விட்டார்.