பனி நிலத்தில் ஓர் அடுப்பு

உணவைச் சமைத்துண்ணக் கற்ற நாள்தொட்டு மக்கள் அடுப்பைப் பல வடிவங்களில் அமைத்து வந்துள்ளனர். மூன்று கற்களைக் கூட்டி அமைத்த அடுப்பில் நெருப்பு எரியுங்கால் மட்டுமே சமையல் நிகழும். நெருப்பு அவிந்ததும் அடுப்பும் ஆறிவிடும். கோதுமை மாவில் ரொட்டி சுடும் நாடுகளிலோ வேறொரு வகை அடுப்புத் தோன்றிற்று. அது கவிந்த கூரையும் ஒரே வாயிலும் உடைய சிற்றறை போன்றது. அதனுள் விறகையிட்டு எரித்துச் சுவர்களுக்கு வெப்பமூட்டுவர். பின்னர் நெருப்பை வெளியே வாரிவிட்டு, சுவர்களில் தங்கிய வெப்பத்தைக் கொண்டே ரொட்டி சுடுவர். கி.பி. 79-ல் வெசூவியசு எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்ப்பி நகரத்தை அகழ்ந்தபோது, இத்தகைய அடுப்புகள் பல வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றில் 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் காணப்பட்டன.

இத்தாலி வெயில் மிகுந்த நாடு. எனினும் இவ்வகை அடுப்பு வெப்பமான நாடுகளோடு நின்றுவிடவில்லை. 1608-ல் பிரெஞ்சுக்காரர் கனடா நாட்டில் கியூபெக் என்னும் குடியிருப்பை நிறுவினர். அவர்தம் தலையாய உணவு ரொட்டியே. அந்நிலத்தின் குளிர்காலமோ மிகக் கொடியது. கியூபெக் நகரில் ஓராண்டில் பெய்யும் பனியின் அளவு ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆகும். சனவரித் திங்களில் சராசரி வெப்பநிலை, நீர் உறையும் நிலையினின்று பன்னிரண்டு பாகை கீழே இறங்கிவிடும்.

பிரான்சு நாட்டில் ஊரார் பலரும் நிலக்கிழாரின் பொது அடுப்பிலேயே ரொட்டி சுட்டு, அதற்குக் கட்டணம் செலுத்தும் வழக்கம் இருந்தது. புதிய நாட்டிலும் நிலக்கிழார் சிலர் அவ்வுரிமையைக் கோரினர். அங்கு மன்னரின் அலுவலராய் இருந்த ழாக் ரோடோ என்பார், அது நடவாத செயல் என்று 1707-ல் தாய்நாட்டிற்கு எழுதினார். வீடுகள் தொலைவில் சிதறிக் கிடந்தன. பிசைந்த மாவைப் பொது அடுப்புக்குச் சுமந்து செல்வதற்குள் அது குளிரில் உறைந்துபோகும். ஆகவே குடும்பந்தோறும் வீட்டருகே தனி அடுப்புக் கட்டும் பழக்கம் அந்நாட்டுச் சிற்றூர்களில் வேரூன்றியது. வளைந்த மரக்கொம்புகளால் சட்டம் அமைத்து, அதன்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பினர். முதல் நெருப்பில் மரச்சட்டம் எரிந்தொழிய, களிமண் சுட்டு இறுகி நின்றது. மழையும் பனியும் தாக்காவண்ணம் மேலே பலகைக் கூரையும் வேய்ந்தனர்.

இக்காலத்தில் அப்பகுதி மக்கள் களிமண்ணினும் செங்கல்லையே மிகுதியும் பயன்படுத்துகின்றனர். ரொட்டியோடு, இத்தாலியரின் உணவாகிய பீட்சாவும் அவ்வடுப்புகளில் சுடப்படுகிறது. ஆயினும் பனி மிகுந்த நாட்டில் வீட்டின் பின்புறத்தே அடுப்புக் கட்டுவோர் எதிர்கொள்ளும் இடர் அன்றும் இன்றும் ஒன்றே. அடுப்பின் உள்ளே கடுந்தீ, வெளியே கடுங்குளிர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று தீங்கு விளைவிப்பது நீர்.

முதற்கண் நிலத்தினுள் இருக்கும் நீரைக் கருதுதல் வேண்டும். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். குளிர்காலத்தில் மண் மேலெழும்பிக் கட்டடங்களைப் பிளப்பதற்கு இதுவே முழுக் காரணம் என்று நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்க நிலவியல் அறிஞர் இசுட்டீபன் டேபர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். உறையும்போது சுருங்கும் இயல்புடைய பென்சீன் என்னும் நீர்மத்தை மண்ணில் ஊறவைத்து உறையச் செய்தார். அப்போதும் மண் மேலெழுந்தது! விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உறைந்த பகுதி கீழேயுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அவ்வீரம் தகடு தகடாக உறைந்து தடித்து, மேலுள்ள மண்ணை உயர்த்துகிறது என்பது இதனால் விளங்கிற்று.

எனவே அடுப்பிற்குக் கடைக்கால் இடுவோர் மூன்று வழிகளுள் ஒன்றையோ பலவற்றையோ கைக்கொள்வர். உறைபனி எட்டாத ஆழம்வரை வானம் தோண்டுதல் ஒன்று. கியூபெக் போன்ற இடங்களில் இது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நுண்மண்ணை அகற்றிவிட்டு, நீர் தங்காது வடிந்தோடும் சரளைக்கல்லை நிரப்புதல் மற்றொன்று. சரளையின் பெரிய இடைவெளிகள் ஈரத்தை மேலே இழுக்கமாட்டா. நிலத்தின் வெப்பம் வெளியேறாதபடி அரிதிற்கடத்திப் பலகைகளைப் புதைத்தல் மூன்றாவது. இவண் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. தரைமேல் படிந்த பனி ஒரு கம்பளிபோல் மண்ணைக் காக்கிறது. அடுப்பிற்குச் செல்லும் வழியில் பனியை வாரி அகற்றினால், அவ்விடத்தில் உறைவு இன்னும் ஆழமாய் இறங்கும்.

கடைக்காலின்மேல் இடுப்பளவு உயரத்திற்கு மேடை எழுப்பி, கான்கிரீட்டுத் தளம் இடுவர். அத்தளத்தின்மேல் நேராகச் செங்கல் பரப்பினால், அடுப்பின் வெப்பமெல்லாம் மேடைக்குள் இறங்கிவிடும். ஆதலால் இடையில் வெப்பத்தை எளிதில் கடத்தாத பலகையையோ, வெர்மிகுலைட்டு கலந்த கான்கிரீட்டையோ இடுதல் இன்றியமையாதது. அதன்மேல் தீச்செங்கற்களைச் சாந்தின்றி நெருக்கமாகப் பரப்புவர். சாந்தில்லாமையால் அவை வெப்பத்தில் விரியவும் குளிரில் சுருங்கவும் இடமுண்டு. தேய்ந்த கல்லை எடுத்து மாற்றவும் இயலும்.

அடுத்து, குவிமாடம் எழுப்பும் பணி. வட்டம் வட்டமாகக் கற்களை அடுக்கி, ஒவ்வொரு வரிசையும் உள்நோக்கிச் சாயுமாறு கட்டுவர். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அக்கற்களின் நடுவே உச்சிக்கல்லைச் செருகியதும் மாடம் முழுமையாக இறுகிவிடும். உட்புறக் குறுக்களவு ஒரு மீட்டராயின் உயரம் அரை மீட்டர் இருக்கலாம். வாயிலின் உயரம் மாடத்தின் உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு என்பது கட்டுவோர் கைக்கொள்ளும் அளவு. அஃதாவது, அரை மீட்டர் மாடத்திற்கு வாயில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் அளவினதாகும். வாயில் மிகத் தாழ்ந்தால் நெருப்பிற்குக் காற்றுப் போதாது. மிக உயர்ந்தால் வெப்பம் வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று வாயிலின் கீழ்ப்பாதி வழியே உட்புகும். சூடான புகை மேற்பாதி வழியே வெளிவரும். புகைபோக்கியை மாடத்தின் உச்சியில் வையாது, வாயிலின் முன்புறத்தே வைப்பதன் காரணமும் இதுவே.

மாடத்தின்மேல் வெப்பங்காக்கும் பீங்கானிழைப் போர்வையைப் போர்த்தி, அதன்மேல் சாந்து பூசுவர். அவ்விழைத் தூசு நுரையீரலுக்குத் தீங்கு செய்வதாதலின், அதனைக் கையாளுவோர் முகமூடி அணிதல் கடமை. நனைந்த போர்வை குளிரைத் தடுக்காததுபோல், நீரூறிய காப்பும் வெப்பத்தைக் காவாது. ஆகவே பனி நாட்டில் இவ்வடுப்பிற்கும் ஒரு கூரை வேண்டும். தன்மேல் குவியும் பனியின் பளுவைத் தாங்கும் வலிமையும் அக்கூரைக்கு வேண்டும்.

கட்டி முடித்தபின் வருவதே கடுமையான சோதனை. புதிய சாந்தினுள்ளும் கற்களினுள்ளும் மிகுந்த நீர் தங்கியிருக்கும். அடுப்பைக் கண்ட மகிழ்ச்சியில் அன்றே பெருந்தீ மூட்டினால் என்ன நேரும்? நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்கிற்கு மேல் பெருகும். வெளியேற வழியில்லாத ஆவி, சுவரைப் பிளந்துகொண்டு வெளிவரும். ஆதலால் முதல் நாள் கையளவு சுள்ளிகளால் சிறு நெருப்பு, மறுநாள் அதனினும் சற்றே பெரிது என ஒரு கிழமைபோல் மெல்ல மெல்ல உலர்த்துவர்.

நெருப்புக்கு அஞ்சி அடுப்பை உலர்த்தாமலே விடுவதும் தகாது. குளிர்காலம் வந்ததும் சாந்தின் நுண்துளைகளில் நின்ற நீர் உறைந்து, தீ செய்யாத கேட்டைப் பனி செய்துவிடும். மேலும் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழ் இறங்கும் நாட்களில் சிமெண்டுச் சாந்து செவ்வனே இறுகாது. இக்காரணங்களால் அங்குள்ளோர் பனி உருகியதும் பணி தொடங்கி, கோடை முடியுமுன் கட்டி உலர்த்திவிட முயல்வர். காலம் தாழ்ந்துவிட்டால், அரைகுறைப் பணியை நீர் புகாதவாறு நன்கு மூடிவைத்து, இளவேனில் வரும்வரை காத்திருப்பதே அறிவுடைமை. ஒரு திங்களை மிச்சப்படுத்த எண்ணி ஓராண்டு உழைப்பை இழப்பவரும் உண்டு.

முறையாக உலர்ந்த அடுப்பில், நன்கு காய்ந்த மேப்பிள், பிர்ச்சு மர விறகுகளை எரிப்பர். முதலில் மாடத்தின் உட்புறம் கரிபிடித்துக் கறுக்கும். வெப்பம் உயர உயர அக்கரி எரிந்து கல் வெளுக்கும். அடுப்பு ஆயத்தமாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். அந்நிலையில் தளத்தின் வெப்பம் கடத்தலாலும், மாடத்தின் வெப்பம் கதிர்வீசலாலும், சுழலும் சூடான காற்று சலனத்தாலும் உணவைத் தாக்கும். 430 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பீட்சா ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடும். நெருப்பு அடங்கியபின், இறங்கிவரும் வெப்பத்தில் ரொட்டி சுடலாம். மறுநாட் காலையிலும் எஞ்சிய சூட்டில் பழங்களை உலர்த்தலாம். வாரியெடுத்த தணலை மூடியுள்ள இரும்புக் கலத்தில் இட்டு, மரச்சுவர்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். சாம்பலுக்குள் தணல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

வெளியே பனி முழங்காலளவு கிடக்க, வாயிற்பலகை சாத்திய அடுப்பினுள் ரொட்டி பொன்னிறமாய் வேகும் காட்சி வியப்பூட்டுவதே. ஆனால் அவ்வெப்பத்தைக் காப்பவை, காண்போர் கண்ணுக்குப் புலனாகாத சரளைப் படுகையும், மாடத்தின் போர்வையும், பொறுமையோடு மூட்டிய சிறு நெருப்புகளுமேயாம். இயற்கையின் இயல்பை அறிந்து, அதற்குரிய காலத்தையும் அளித்துச் செய்யும் பணியே நிலைத்துப் பயன்தரும் என்பதற்குப் பனி நிலத்து அடுப்பு நல்லதொரு சான்றாகும்.