‘மயூர்’ எத்தனை எழுத்து?

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் மெட்ரோ ஏறினால் நான்காவது ஸ்டேஷன் நொய்டா செக்டர் 16. இறங்கினால் ஐடி கம்பெனிகள். இந்த நான்கு ஸ்டேஷனைக் கடக்கச் சில பிள்ளைகளுக்கு நான்கு வருஷம் ஆகிறது. புரோகிராமிங் வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மூடிவிட்டு எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை.

பைத்தானைத் திறந்து ‘மயூர்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்றெழுத்து. பைத்தான் ஐந்து என்று சொல்லும். அதன் கணக்கும் சரிதான்: யூனிகோடில் ‘யூ’ என்பது யகரமும் ஒரு குறியும், ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியும். மூன்று என்று சொல்லவைக்க நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். லூப், இஃப், லிஸ்ட் எல்லாம் அதற்குள் பழகிவிடும். முடித்த பிறகு ‘ஓப்பன் தமிழ்’ லைப்ரரியின் கோடைத் திறந்து, அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். முன்னாலேயே பார்ப்பது பிட் அடிப்பது.

அடுத்தது பஸ். டெல்லி அரசு ஐஐஐடி டெல்லியோடு சேர்ந்து 2018இல் தொடங்கிய ‘ஓப்பன் டிரான்சிட் டேட்டா’ தளத்தில் பஸ் நேரங்கள் ஜிடிஎஃப்எஸ் என்ற கால அட்டவணை வடிவத்தில் ஃபைல்களாகக் கிடைக்கும். உங்கள் ஸ்டாப்புக்கு அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும் புரோகிராமை எழுதுங்கள். ஓடியதும் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். நள்ளிரவைத் தாண்டும் டிரிப்புக்கு ஜிடிஎஃப்எஸ்ஸில் 1:10 என்று போடமாட்டார்கள், 25:10 என்றுதான் போடவேண்டும். அப்படியொரு வரி கண்ணில் படவில்லையா? நீங்களே ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். பைத்தானின் சாதாரண நேர ஃபங்ஷன் அங்கேயே மக்கர் செய்யும். திருத்தியதை கிட்டில் தனி கமிட்டாகப் போடுங்கள். ‘பக் ஃபிக்ஸ்’ என்று எழுதாமல், ‘நள்ளிரவுக்குப் பிந்தைய பஸ் விட்டுப்போனது’ என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கப்போவது நீங்கள்தான்.

ஒவ்வொரு தடவையும் முழு ஃபைலையும் புரட்டினால் புரோகிராம் நத்தையாகும். டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்க அதுவே நேரம். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல்லில் நடத்திய பைத்தான் வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம்.

நான் நடத்தும் இன்டர்வியூவில் சர்டிஃபிகேட் கட்டைப் புரட்டுவதில்லை. கடைசியாக எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்றுதான் கேட்பேன். 25:10 கதையைச் சொல்லுங்கள். லேப்டாப்பை சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள்; ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.